ஆலமரத்தடியும் அடிக்குறிப்பும்

சென்னைப் பச்சையப்பன் கல்வி நிலையத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ‘புராண நாமாவலி’ என்றொரு தொகுப்பைத் தொடங்கினார். புராணங்களிலும் இதிகாசங்களிலும் வரும் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் யார், யாருடைய பிள்ளை, எந்தக் கதையில் என்ன செய்தார் என்று எழுதிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். எழுத எழுத வேலை புராணத்தோடு நிற்கவில்லை. புலவர்கள் வந்தார்கள், அரசர்கள் வந்தார்கள். தலம், சமயம், சாதி, மருந்து, மணிகளின் குணம் குற்றம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கையெழுத்துப் பிரதி குவிந்துகொண்டே போனது. அச்சிடத்தான் வழியில்லை. ஆதரவு கேட்டுப் பலரை அணுகியும் காரியம் நடக்காமல், கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910இல் ‘அபிதான சிந்தாமணி’ ஆயிரம் பக்க அளவில் வெளிவந்தது. அதோடும் முதலியார் விடவில்லை. திருத்தியும் சேர்த்தும் எழுதிக்கொண்டே இருந்தார். பெருத்த இரண்டாம் பதிப்பை அவர் பார்க்கவில்லை. 1931இல் அவர் இறந்தபின், 1934இல் அவருடைய மகன் அதை வெளியிட்டார்.

சிங்காரவேலு முதலியாருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இலேயே ‘அபிதானகோசம்’ என்ற நூலை அச்சிட்டுவிட்டார். தமிழின் முதல் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்கது அதுதான். பிற்பாடு ‘யாழ்ப்பாணச் சரித்திரம்’ எழுதியவரும் அவரே.

இரண்டு நூல்களும் தனி மனிதர்களின் உழைப்பு. இரண்டும் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. ஒரு பெயர் உள்ளே வர வேண்டுமென்றால் அது ஏற்கெனவே ஏதோ ஒரு செய்யுளிலோ தலபுராணத்திலோ உரையிலோ ஏறியிருக்க வேண்டும். ஏட்டில் ஏறாதவர்களுக்கு முதலியார் கதவைச் சாத்தினார் என்று சொல்ல முடியாது. அவர்கள் அவருடைய மேசை வரைக்கும் வந்து சேரவே இல்லை. இந்தச் சிக்கல் அவரோடு முடியவுமில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவரும் எழுதலாம் என்று திறந்துவிட்ட பிறகும் அது வேறு உருவத்தில் தொடர்கிறது.

நடுவில் ஒரு பெரிய கட்டம் உண்டு. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். மேலைநாட்டு மொழிகளில் இருப்பதைப் போன்ற கலைக்களஞ்சியம் தமிழுக்கு வேண்டும் என்று கழகம் முடிவெடுத்தது. முதன்மை ஆசிரியராக வந்து அமர்ந்தவர் பெ. தூரன். கீர்த்தனை எழுதுபவர், கவிஞர், ஈரோட்டுப் பக்கத்துக் கொங்கு நாட்டுக்காரர். அணுவைப் பற்றியும் அமீபாவைப் பற்றியும் தமிழில் எழுதவைக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. முதல் தொகுதி 1954இல் வெளியானது. ஒன்பதாவது 1963இல். இணைப்புத் தொகுதியாகப் பத்தாவது 1968இல். எழுதியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பேராசிரியர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள், வரலாற்றாளர்கள் என்று அன்றைய தமிழ்க் கல்வியுலகமே அதில் கையொப்பமிட்டிருந்தது. அறிவியலைச் சொல்ல ஆயிரக்கணக்கில் கலைச்சொற்கள் வேண்டியிருந்தன. அந்த அலுவலகம் பாதி நேரம் களஞ்சியக் கூடமாகவும் பாதி நேரம் சொற்பட்டறையாகவும் இயங்கியிருக்க வேண்டும்.

தூரனின் களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவரின் பொறுப்பு உண்டு. வாசகர் நம்புவது அந்த மனிதரின் படிப்பை. இன்ன துறைக்கு இன்னார் என்று தேர்ந்தெடுத்தது கழகம்; கழகத்தின் பின்னால் அரசும் கொடையாளர்களும். இந்த ஏற்பாட்டின் பலம் எதுவோ அதுவே பலவீனமும். பட்டம் பெற்றவர் எழுதியதால் தரம் இருந்தது. பட்டம் பெறாதவரின் அறிவு அவர் வழியாக மட்டுமே உள்ளே வர முடிந்தது. காலமும் காத்திருக்கவில்லை. முதல் தொகுதி வந்த இரண்டே ஆண்டில், 1956இல், மாநிலங்களின் எல்லைகளே மாறிப்போயின. அச்சான பக்கத்தை என்ன செய்வது? பத்தாவது தொகுதி வரும்வரை வாசகர் பொறுத்திருக்க வேண்டியதுதான். பிறகு தூரன் குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதிகளையும் முடித்துக்கொடுத்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியலுக்கும் அறிவியலுக்கும் தனித்தனிக் களஞ்சியங்கள் கொண்டுவந்தது. நூலகத்தின் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் அவை தங்கிப்போனதற்கு எழுதியவர்கள் காரணமில்லை.

அதே அறிஞர் குழு முறையை இணையத்திலும் நடத்திப்பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ் 2000ஆம் ஆண்டில் ‘நுபீடியா’ என்ற தளத்தைத் தொடங்கி, தத்துவம் படித்த லாரி சாங்கரை ஆசிரியராக அமர்த்தினார். ஒரு கட்டுரை வெளியாக ஏழு கட்டச் சோதனை. மூன்றாண்டில் முப்பது கட்டுரைகூடத் தேறவில்லை. பக்கத்திலேயே, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று 2001 ஜனவரி 15 அன்று ஒரு கிளைத் தளத்தைத் திறந்தார்கள். நுபீடியாவுக்கு வரைவுகள் தயாரிக்கும் இடம் என்பதுதான் நினைப்பு. அந்தக் கிளைதான் விக்கிப்பீடியா. தாய்த் தளம் 2003இல் மூடப்பட்டது.

அதே 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. செப்டம்பரிலேயே முகவரி இருந்தாலும் உள்ளே சொல்லும்படி ஒன்றுமில்லை. பொத்தான்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த நவம்பரில் உள்ளே வந்தார். முதலில் இடைமுகத்தைத் தமிழாக்கினார். பிறகு ஒன்று, இரண்டு என்று கட்டுரைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவருடைய கணக்கு பின்னாளில் ஆயிரங்களைத் தொட்டது. முதல் அச்சுக் களஞ்சியமும் முதல் இணையக் களஞ்சியமும் யாழ்ப்பாணத்துக்காரர் கைகளில் தொடங்கின என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் 2003இல் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் வளைகுடாவில் இருந்தது தற்செயல் இல்லை.

அன்று தமிழில் தட்டச்சு செய்வதே ஒரு தனி வித்தை. திஸ்கி ஒரு குறியாக்கம், தாப் இன்னொன்று. இந்த எழுத்துருவில் எழுதியது அந்தக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு முறையில் எழுத ஓரளவு புதிய விண்டோசும் ‘இ-கலப்பை’ போன்ற ஒரு மென்பொருளும் வேண்டும். இவை வீட்டில் இருந்தவர்கள் யார்? துபாய், டொராண்டோ, சிட்னி, சிங்கப்பூர், பெங்களூர் ஆகிய ஊர்களில் கணினியை வைத்துப் பிழைத்த தமிழர்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செ. இரா. செல்வகுமாரைப் போன்ற அறிவியலாளர்களும் அந்தத் தொடக்கக் கூட்டத்தில் இருந்தார்கள். நெல்லுக்கு நீர் கட்டத் தெரிந்தவருக்கு அந்தச் சபையில் இடம் மறுக்கப்படவில்லை. அவரிடம் இணைய இணைப்பு இல்லை, அவ்வளவுதான். விளைவு உள்ளடக்கத்தில் தெரிந்தது. இயற்பியலும் கணினியும் இலங்கை ஊர்களும் வேகமாக வளர்ந்தன. சமையலும் வேளாண்மையும் பின்தங்கின. ஆசிரியர்களில் பெண்கள் எவ்வளவு என்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை உலக அளவில் 2011இல் கணக்கெடுத்தபோது பத்து சதவீதம்கூட இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஊர்க்கூட்டத்தின் எல்லாக் குணங்களும் அங்கே உண்டு. கிரந்த எழுத்தை விடலாமா, வைக்கலாமா என்ற வழக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஜகார்த்தாவுக்கு ‘ஜ’ போடுவது மொழிக்கு இழுக்கு என்று ஒரு தரப்பு. ‘ஜ’ இல்லாமல் எழுதினால் தேடுகிறவருக்குக் கிடைக்காது என்று இன்னொரு தரப்பு. அதோடு இலங்கை வழக்குக்கும் தமிழ்நாட்டு வழக்குக்கும் இழுபறி. கனடாவின் பெருநகரை ஈழத் தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள். மதுரைக்காரருக்கு அது அச்சுப்பிழையாகத் தோன்றும். தூரனின் அலுவலகத்தில் இதையெல்லாம் ஆசிரியர் குழு அறைக்குள் தீர்த்திருக்கும். வெளியே ஒரு வரி கசிந்திருக்காது. ஆலமரத்தடியில் எல்லாமே பதிவில் கிடக்கிறது. யார் எப்போது என்ன சொன்னார், யார் கோபித்துக்கொண்டு போனார் என்பதுகூட. களஞ்சியத்தின் வரலாற்றை எழுத வரும் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது.

ஒரு கட்டுரை உருவாகும் விதமும் அப்படித்தான் வெளிச்சத்தில் நடக்கிறது. யாரோ ஒருவர் நான்கு வரி எழுதி ஒரு குறுங்கட்டுரை தொடங்குகிறார். ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் பிழை திருத்துகிறார். மூன்றாமவர் ஒரு வரியின் பின்னால் ‘மேற்கோள் தேவை’ என்று ஒட்டிவிட்டுப் போகிறார். விளையாட்டுப் பையன் ஒருவன் நடுவில் தன் நண்பனின் பெயரை நுழைத்தால் சில நிமிடங்களில் முந்தைய வடிவத்துக்கு மீட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் ‘வரலாறு’ என்ற தாவலுக்குள் தேதியோடு தங்கும். இருவர் முட்டிக்கொண்டால் பேச்சுப் பக்கம். அங்கும் தீராவிட்டால் நிர்வாகி. நிர்வாகியும் தன்னார்வலர்தான், சம்பளம் கிடையாது.

இங்கே எழுதுபவரின் படிப்பை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகக் கேட்பது ஆதாரம். ஒரு செய்தி உண்மையாக இருந்தால் போதாது; நம்பத்தகுந்த ஒரு வெளியீட்டில் அது ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். நீங்களே கண்டுபிடித்ததை எழுதக் கூடாது. எல்லாத் தரப்பையும் அவற்றின் கனத்துக்கு ஏற்பச் சொல்ல வேண்டும். ஒருவரைப் பற்றிக் கட்டுரை வர வேண்டுமானால் பிறர் அவரைப் பற்றிப் போதிய அளவு எழுதியிருக்க வேண்டும். நியாயமான விதிகள்தாம். இவை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2005இல் உலகம் பார்த்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகென்தாலருக்குக் கென்னடி கொலைகளில் தொடர்பிருந்ததாக யாரோ விளையாட்டாக எழுதிவைத்த பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது.

ஆனால் ஆதாரம் கேட்கும் இந்த விதிக்குள் ஒரு பழைய நண்பர் ஒளிந்திருக்கிறார். சிங்காரவேலு முதலியாரின் ஏடு இங்கே அடிக்குறிப்பாகத் திரும்பிவந்துவிட்டது. யாரைப் பற்றி அச்சில் நிறைய இருக்கிறதோ அவருக்குக் களஞ்சியத்திலும் நிறைய இடம். அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ களஞ்சியமும் அந்தப் பக்கம் சாயும். ஆங்கில விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் 1911ஆம் ஆண்டு பிரிட்டானிக்காவின் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப்போட்டார்கள், காப்புரிமை முடிந்துவிட்டது என்பதற்காக. பேரரசின் உச்சக் காலத்தில் லண்டனில் இருந்து பார்த்த உலகம் அப்படியே இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்குக் குடிவந்தது. கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018 அக்டோபரில் நோபல் பரிசு பெற்ற அன்று அவருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக்கொடுத்த வரைவை, ஆதாரங்கள் போதாது என்று திருப்பியிருந்தார்கள்.

யாருடைய ஆதாரம் ஆதாரம் என்ற கேள்வி ஈழப் போர் பற்றிய பக்கங்களில் கூர்மையாக எழுந்தது. 2000களின் பிற்பாதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கை தொடர்பான கட்டுரைகள் தினமும் வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் கொண்டிருந்தன. இரு தரப்பையும் சேர்ந்த சிலர் இணக்கத்துக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். செய்தி ஊடகங்களை வகைப்படுத்திப் பார்த்தார்கள். தமிழ்நெட் தளத்தை மேற்கோள் காட்டலாம், ஆனால் அது புலிகள் சார்புத் தளம் என்று வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் செய்தியையும் அதேபோல் யார் சொன்னது என்று பெயரிட்டுத்தான் தர வேண்டும். சண்டை அடங்க அது ஒரு வழி. என்றாலும் அயல்நாட்டுச் செய்தியாளர்கள் உள்ளே நுழைய முடியாதிருந்த வன்னியில் நடந்ததை எழுத, வெளியில் இருந்து பார்த்தவர்களின் செய்தி அடைமொழி இல்லாமல் நின்றது. உள்ளே இருந்து வந்த செய்திக்கு அடைமொழி சேர்ந்தது. பதினைந்து கல் தொலைவில் நின்றவர் நடுநிலையாளர், குண்டு விழுந்த இடத்தில் நின்றவர் ஒரு தரப்பு. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த விதிகளை வைத்து அதைவிட நேர்மையாகச் செய்திருக்க முடியாது.

சாதிப் பக்கங்களில் கதை வேறு மாதிரி. எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் தென்னிந்தியச் சாதிகள் பற்றிப் பலரும் எடுத்துக்காட்டும் நூல். மூக்கின் அகலத்தை அளந்து மனிதர்களைத் தரம் பிரித்த காலத்து நூல் அது. ஆங்கில விக்கிப்பீடியாவின் அனுபவமிக்க ஆசிரியர்கள் காலனிக் காலத்து இனவரைவுகளை நம்பத்தகுந்த ஆதாரமாக ஏற்பதில்லை என்று ஒரு கட்டத்தில் உறுதியாக நின்றார்கள். தம் சாதி அரச வம்சம் என்று தர்ஸ்டனில் இருந்து ஒரு வரி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். விதி இங்கே வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய தலையீட்டையும் தமிழ் விக்கிப்பீடியா சந்தித்திருக்கிறது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரக் கூலிக்கு ஆள் அமர்த்தியது. எந்தக் கட்டுரைகள்? இந்தியாவில் இணையத்தில் அதிகம் தேடப்படுபவை. அந்த நாளில் இந்தியாவில் இணையத்தில் தேடியவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தேடியவர். ஆகவே ஹாலிவுட் நடிகைகளும் அமெரிக்கப் பாடகர்களும் நீண்ட கட்டுரைகளாகத் தமிழுக்கு வந்து இறங்கினார்கள். வாக்கியங்கள் தலைகீழாக நின்றன. இணைப்புகள் எங்கும் போகவில்லை. திருத்தச் சொன்னால் எழுதியவர் அங்கே இல்லை, அவருக்கு அது அன்றைய வேலை. பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் சேர்த்ததற்குச் சமமான எடையில் இந்தச் சரக்கு சில மாதங்களில் கொட்டப்பட்டது. வங்காளிகள் ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தமிழர்கள் கூகுளோடு உட்கார்ந்து பேசினார்கள். தலைப்புகளை நாங்கள் தருகிறோம், இன்ன குறைகளைத் திருத்துங்கள் என்று பட்டியல் போட்டார்கள். போலந்தின் கதான்ஸ்க் நகரில் 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் இந்த அனுபவத்தை விரிவாக எடுத்துவைத்தார். அறிவைச் சின்ன மொழிக்குத் தானமாகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அவைக்கு, பெறுகிறவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும் என்பது புதிய செய்தியாக இருந்திருக்கும். அந்தத் திட்டம் விரைவில் நின்றுபோனது. 2018இல் கூகுளும் விக்கிமீடியாவும் ‘வேங்கைத் திட்டம்’ என்று மறுபடி வந்தபோது, தேடல் கணக்கில் இருந்து எடுத்த தலைப்புகளோடு அந்தந்த மொழிச் சமூகம் தரும் தலைப்புகளுக்கும் இடம் இருந்தது. எழுதியவர்களும் அந்தந்த விக்கிப்பீடியாவின் ஆட்களே. இரண்டாம் சுற்றில் தமிழ் முதலிடம் பிடித்தது.

எண்ணிக்கை என்று வந்துவிட்டால் ஊராட்சிப் பக்கங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைக் கணக்கு 2017இல் ஒரு இலட்சத்தைத் தொட்டது. இன்று ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. (ஆங்கிலத்தில் 70 இலட்சம்.) இதில் தமிழ்நாட்டு ஊராட்சிகள் பற்றிய ஆயிரக்கணக்கான பக்கங்களை மனிதர் உட்கார்ந்து எழுதவில்லை. ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவை வைத்துத் தானியங்கி நிரல் உருவாக்கியது. அதுவரை இணையத்தில் ஒரு வரிகூட இல்லாத ஊர்களுக்கெல்லாம் பக்கம் கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் ஊரைத் தேடிப்பார்த்துப் பரவசப்பட அது போதும்.

அப்படி ஒரு பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த மக்களவைத் தொகுதி, மொத்தம் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை. பிறகு ஒரு அட்டவணை: குடிநீர் இணைப்புகள், சிறு மின்விசைக் குழாய்கள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், பள்ளிக் கட்டடங்கள், ஊரணிகள் அல்லது குளங்கள், சந்தைகள், சாலைகள், பேருந்து நிலையங்கள். கடைசி வரிசைகளில் ஒன்று: சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள். எதிரே ஓர் எண். அதற்குக் கீழே ஊராட்சிக்குள் அடங்கிய சிற்றூர்களின் பட்டியல். அதில் ஊரின் பெயர் ஒரு முறை, அதே பெயரோடு ‘காலனி’ சேர்த்து இன்னொரு முறை.

ஓர் அரசு அலுவலகத்துக்கு ஒரு கிராமத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அது அத்தனையும் இங்கே இருக்கிறது. எண்களில் பிழையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவருக்குச் சுடுகாடு ஏன் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பிணம் எந்தப் பாதையில் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பதும் அவருக்குத் தெரியும். காலனி என்றால் ஊரின் எந்தத் திசையில் இருக்கும் என்பதும் தெரியும். அட்டவணைக்கு அது தெரியாது. அந்த ஊர்க்காரர் ‘தொகு’ பொத்தானை அழுத்தி இதை எழுதினால் ‘மேற்கோள் தேவை’ என்று வரும். அவர் எதைக் காட்டுவார்? அவருடைய தாத்தாவையா? அந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு மானிடவியலாளர் ஆய்வு செய்து நூல் வெளியிட்டிருந்தால் உண்டு. பத்திரிகையில் ஒரு கலவரச் செய்தி வந்திருந்தால் உண்டு. தமிழக அரசின் பதிவுகளில் இருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பத்தாண்டுக்கு முந்தைய தரவில் பிறந்த பக்கங்களுக்கு அந்த அறிவிப்பு தானாகப் போய்ச் சேராது. அதை மாற்றவும் மனிதர் வேண்டும், ஊர் ஊராக.

வாய்ச்சொல்லையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனை வராமல் இல்லை. பெங்களூரைச் சேர்ந்த அச்சல் பிரபாலா, விக்கிமீடியாவின் உதவியோடு 2011இல் ஒரு சோதனை நடத்தினார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடக்கு சோத்தோ ஆகிய மொழிகளில், அச்சில் இல்லாத ஆனால் ஊரெல்லாம் அறிந்த விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் குழந்தைகளின் விளையாட்டுகள் அதில் அடக்கம். ஆடுகிறவர்களையும் ஆடிக் களித்த பெரியவர்களையும் பேசவைத்து, ஒலிப்பதிவை இணையத்தில் ஏற்றி, அதையே அடிக்குறிப்பாகக் காட்டினார்கள். நடந்ததைப் படமாகவும் எடுத்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிக்காவலர்கள் ஒப்பவில்லை. ஒருவர் சொன்னதை ஒருவர் பதிவு செய்தால் அது நேரடி ஆய்வு. களஞ்சியம் அதைச் செய்யக் கூடாது என்றார்கள். அவர்கள் அஞ்சியதிலும் பொருள் இருக்கிறது. வாய்ச்சொல் செல்லும் என்றால், எங்கள் முப்பாட்டன் பாண்டியனின் படைத்தளபதி என்று சொல்லும் ஒலிப்பதிவுகள் மறுநாளே வரிசையில் நிற்கும்.

தமிழ் விக்கிப்பீடியர்கள் பக்கவாட்டில் ஒரு வழி கண்டார்கள். 2011இன் இறுதியில் ஓர் ஊடகப் போட்டி வைத்து, தமிழர் வாழ்வைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான படங்கள் வந்தன. படத்துக்கு அடிக்குறிப்பு தேவையில்லை. எழுத்தில் நுழைய முடியாத தொழிற்கருவியும் பொங்கல் பானையும் படமாக நுழைந்துவிட்டன.

அச்சில் இருப்பதுதான் அறிவு என்றால், அச்சு எரிந்துபோனவர்கள் என்ன செய்வார்கள் என்பது ஈழத் தமிழர் சந்தித்த கேள்வி. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம், ஈழத்தில் அச்சான நூல், இதழ், பிரசுரம், கோயில் மலர், பள்ளி ஆண்டறிக்கை என்று கிடைப்பதையெல்லாம் ஒளிவருடிப் பொதுவில் வைக்கிறது. ஓர் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலரில் அந்த ஊர்ப் பெரியவர் எழுதிய நான்கு பக்கம் இணையத்துக்கு வந்துவிட்டால், அந்த ஊரின் விக்கிப்பீடியாப் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைக்கிறது. இலங்கை ஊர்ப் பக்கங்கள் பலவற்றில் கீழே இறங்கிப் பார்த்தால் நூலகத்தின் சுட்டி இருக்கும். அதே அமைப்பு இப்போது வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்து தன் ஆவணகத்தில் சேர்த்துவருகிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2022இல் இன்னொரு திருப்பம். எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் ‘தமிழ் விக்கி’ என்ற தனிக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். இலக்கியம், பண்பாடு, வரலாறு ஆகியவற்றுக்கு முதன்மை. யார் வேண்டுமானாலும் வந்து திருத்திவிட முடியாது, ஆசிரியர் குழு பார்த்துத்தான் ஏற்றும். அறுபதாண்டு கழித்துத் தூரனின் அலுவலகம் இணையத்தில் திறந்ததுபோல. திறந்த வாசலை விட்டுப் பழைய வாசலுக்குத் திரும்புவதா என்று விக்கிப்பீடியாப் பக்கம் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இரண்டு களஞ்சியங்கள் இருப்பதில் மொழிக்கு நட்டமில்லை. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். அந்தக் குழு தூரன் பெயரில் ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருதும் வழங்குகிறது. 2022இல் முதல் விருதைப் பெற்றவர் கரசூர் பத்மபாரதி. நரிக்குறவர்களிடமும் திருநங்கைகளிடமும் நேரில் சென்று, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியவர். அந்த வாய்ச்சொற்கள் இப்போது அச்சில் இருக்கின்றன. நூலின் பெயரும் பக்க எண்ணும் போட்டு, எந்தக் களஞ்சியத்திலும் மேற்கோள் காட்டலாம்.